ஐந்தரைக் கட்டை

டக்ளஸுக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு கட்டை. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த லூனாஸ் வட்டாரத்தில் அவனை அறியாதவர் கிடையாது. கல்யாணமோ, தீமிதியோ, மாதா தேரோ, எங்கே மேடை போட்டாலும் 'ஆர்மோனியம் டக்ளஸ்' வந்தாக வேண்டும். ஆனாலும் இந்த ஒரு சங்கதி மட்டும் வெளியே கசியவில்லை. அது தெரிந்தவள் ஒருத்திதான், அவளைத்தான் அவன் கட்டியிருந்தான்.

பாடுகிறவரின் சுருதியை ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்வதுதான் நம் ஆட்களின் வழக்கம். ஆண் குரல் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். பெண் குரல் ஐந்து, ஐந்தரைக்குப் போகும். பாடகர் மாறினால் கட்டை மாறும், வாசிக்கிறவனின் விரலும் புது இடம் தேடிப் போக வேண்டும். டக்ளஸின் விரல் எங்கும் போகாது. அது முதல் கட்டையிலேயே குடியிருந்தது.

அதற்குக் காரணம் தோட்டத்துச் சின்ன மாதா கோயிலில் கிடந்த கால்மிதி ஆர்மோனியம். எந்தக் காலத்திலோ ஊருக்குத் திரும்பிய ஒரு துரையின் மனைவி விட்டுவிட்டுப் போனது. அதில் ஒரு வசதி இருந்தது. பக்கவாட்டில் உள்ள பிடியை இழுத்தால், கட்டைகள் மொத்தமும் பலகையோடு இடமும் வலமும் நகரும். பலகை நகர்ந்தால் சுருதி மாறிவிடும், விரல் பழைய இடத்திலேயே ஓடலாம். பாடகி ஐந்தரை என்றால் பலகையை நாலு வீடு இடப்பக்கம், முதல் கட்டைக்குக் கீழே உள்ள ஐந்தரைக்குத் தள்ளுவான், வேலை முடிந்தது. பதின்மூன்று வயதில் தானாகத் தட்டித் தட்டிக் கற்றவன். சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே விரலில் ஓர் அடி விழுந்திருக்கும், பிழைத்திருப்பான். அப்படி அடிக்க யாரும் இல்லை. வாசிப்பு என்றால் இதுதான் என்றும், எல்லாக் கட்டைப் பெட்டியிலும் பலகை நகரும் என்றும் நினைத்தே வளர்ந்துவிட்டான். மற்றவர்கள் பலகையைத் தொடாமல் வாசிக்கிறார்கள் என்று புரிந்தபோது வயது முப்பது. அதற்குப் பிறகு வெளியே சொல்ல வெட்கம்.

நவமணிக்கு அது கல்யாணமான புதிதிலேயே தெரியும். அவள் பாடுவதற்கு முன்னால் அவன் கை ஒவ்வொரு தடவையும் அந்தப் பிடிக்குப் போவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் கேட்டாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அதன்பின் கேட்டதே இல்லை.

காலையில் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வெட்டிப் பால் எடுத்துவிட்டு, பால் வாளியைக் கொட்டாயில் எடை போட்டுவிட்டு, பத்தரை மணிக்கெல்லாம் வீடு திரும்புகிறவள் அவள். திரும்பும்போதே பாட்டோடுதான் வருவாள். சரியாக ஐந்தரைக் கட்டை. ரப்பர் ஷீட் அடிக்கும் பேக்டரியில் வேலை செய்துகொண்டிருக்கும் டக்ளஸ், மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் அவள் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று தெரிந்துகொள்வான். மேலே போகப் போக மெலியாமல் இன்னும் விரிகிற குரல். அழகேசனின் 'தேன்துளி இன்னிசைக் குழு'வில் அவள் இரண்டு பாட்டுப் பாடினால் போதும், கச்சான் கடலை விற்கிறவன்கூடக் காகிதக் கூம்பு சுற்றுவதை நிறுத்திவிட்டு நிற்பான்.

எண்பத்து நான்காம் வருடக் கடைசி மழையில் கோயில் கூரை ஒழுகி, கரையான் ஆர்மோனியத்துக்குள் குடிபுகுந்தது. துருத்தி கிழிந்து, உள்ளே சத்தம் எழுப்பும் நாக்குகளெல்லாம் களிம்பேறிக் கிடந்தன. பினாங்கிலிருந்து வந்து பார்த்த ஆள், விறகுக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அழகேசன் இதற்காகக் கண்ணீர் விடவில்லை. வெள்ளை சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக மேடையில் நிற்கிற ஆள் அவர். குழுவின் சொந்தக்காரரும் அறிவிப்பாளரும் அவரே.

"நல்லதாப் போச்சுலா டக்ளஸ். குருண் ஊரு பசங்க சிந்தசைசர் வாங்கிட்டானுங்க. திகாம் பத்துக் குழுவும் வாங்கிருச்சு. நாம இன்னும் பஜனை பெட்டிய லாரில தூக்கிட்டு அலையுறோம். ஜனங்க சிரிக்குது தம்பி."

"வாங்கலாம்ணே. வெல?"

"பாதி குழுப் பணத்துல போடுறேன். பாதி நீ போடு. ஆனா மேடையில வச்சா அஞ்சாவது வரிசைல இருக்கறவனுக்கும் தெரியணும். சொல்லிட்டேன்."

டக்ளஸ் தன் மோட்டர் சைக்கிளை விற்றான். அதற்குக் காரணம் அழகேசன் இல்லை. நவமணியின் கழுத்து.

பங்குனியில் கழுத்தின் முன்பக்கம் சின்னதாக ஒரு வீக்கம் தெரிந்தது. சித்திரையில் எலுமிச்சை அளவாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகப் படம் போட்டே காட்டினார். வெட்டி எடுத்துவிடலாம், உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு வீக்கத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில பேருக்குக் குரல் மாறிவிடும், கீழே இறங்கிவிடும். அதைச் சொல்லிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், அதனால் சொல்கிறேன் என்றார். ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது டக்ளஸ் ஒரு முடிவுக்கு வந்தான். அவளுடைய குரலைக் கேசட்டில் பிடித்துவிட வேண்டும். மேடையில் இரைச்சலுக்கு நடுவே யாரோ பதிந்தது வேண்டாம், ஒழுங்காக, இசையோடு. கைக்குழந்தை ஜோனுக்காக அவளே கட்டிய தாலாட்டு ஒன்று, மாதாவுக்கு அவளே கட்டிய பாட்டு ஒன்று. இரண்டே பாட்டு. குரல் போனால் போகட்டும், இது இருக்கும். ஜோன் வளர்ந்து கேட்பாள்.

அதைச் சொன்னபோது நவமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயத்தில் அழுதாளா, அவன் அப்படி நினைத்ததற்காக அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆக, ஒரே பெட்டி இரண்டு வேலை செய்ய வேண்டும். மேடையில் நிற்கவும் வேண்டும், நவமணியின் குரலுக்குப் பக்கத்தில் உட்காரவும் வேண்டும். கையில் இருந்தது ஆயிரம் வெள்ளி.

டக்ளஸ், நவமணி, அழகேசன் மூன்று பேரும் பட்டர்வொர்த்தில் பெரிப் படகு ஏறிப் பினாங்கு போனார்கள். இசைக்கருவி விற்கும் சீனர் கடையில் ஆயிரத்துக்குள் இரண்டே பெட்டிகள் இருந்தன. கடை முதலாளியான தவுக்கே இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மலாயில் "போலே சோபா லா" என்று தட்டிப் பார்க்கச் சொன்னார்.

முதலாவது புத்தம் புதியது, ஐந்நூறுக்கும் குறைவு. வெள்ளை நிறம், மடியில் வைத்துக்கொள்ளும் அளவு. கட்டைகள் குழந்தை விரலுக்குச் செய்ததுபோல் சிறுத்திருந்தன. உள்ளேயே ஸ்பீக்கர், பின்பக்கம் ஆறு பேட்டரி. மின்சாரமே தேவையில்லை. புல்லாங்குழல், வயலின், மணி என்று பன்னிரண்டு குரல். எல்லாம் கொஞ்சம் மூக்கடைத்த குரல்தான். ஓரத்தில் ஒரு நகர்த்துபட்டன் இருந்தது. டக்ளஸ் அதைத் தள்ளிப் பார்த்தான். சுருதி அரைக் கட்டை இறங்கியது. இன்னொரு தடவை தள்ளினான், இன்னும் அரை.

நாலு வீடு தள்ளினான். முதல் கட்டையில் விரலை வைத்தான். ஐந்தரை பேசியது.

நவமணி கடைக்கு நடுவில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலேயே, தாலாட்டின் முதல் வரியை மெல்ல எடுத்தாள். 'பால்மரத்துக் காத்தே மெதுவா வா, பாப்பா இப்பத்தான் கண்ண மூடுது.' விரல் அதன்பின் ஓடியது. தவுக்கே கணக்கெழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தாப்பா," என்றார் அழகேசன், "பொம்மையப் பாத்துட்டு வந்துட்டியா? சாமியார வரச் சொல்லு, இந்தப் பொம்மப் பாப்பாவுக்குப் பேர் வைக்கலாம்."

தவுக்கே சிரித்தார். சிரிப்புக்கு மொழி தேவையில்லை.

இரண்டாவது பெட்டி பழையது. எந்த ஓட்டல் வாத்தியக் குழுவோ ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. தேக்குப் பலகை ஓரம், ஐந்து ஆக்டேவ், முழு அளவுக் கட்டைகள், முகப்பில் முப்பது நாற்பது திருகுகள், இடது கைக்கு ஒரு சக்கரம். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். தவுக்கே அதை ஆம்ப்ளிபயரில் மாட்டிவிட்டு ஒரு கட்டையை அழுத்தினார். கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. டக்ளஸ் அந்தச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தான். ஸ்வரம் நாதஸ்வரம்போல் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆர்மோனியத்தில் இருபது வருடமாக அவனால் தொட முடியாத வழுக்கல். ஆசை வந்தது. பொய் சொல்வானேன், பேராசையே வந்தது.

"இதுதான்லா சாமான்!" என்றார் அழகேசன்.

பலகை நகர்த்தும் பிடியை டக்ளஸ் கண்ணால் தேடினான். இத்தனை திருகுகளில் ஒன்று அதற்கில்லாமலா இருக்கும் என்று தோன்றியது. சின்னப் பொம்மைக்கே இருக்கிறதென்றால் இவ்வளவு பெரிய பெட்டிக்கு இருக்காதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தவுக்கேவுக்குத் தெரியாவிட்டாலும் நாற்பது திருகையும் ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஆனால் அழகேசன் தோளோடு தோளாக நிற்கிறார். கட்டை மாற்றும் பிடி எங்கே என்று கேட்டால், உனக்கெதற்கு அது, கையால் மாற்றி வாசிக்க வேண்டியதுதானே என்பார். அவ்வளவுதான், இருபது வருட மானம் அந்தக் கடையிலேயே போய்விடும்.

நவமணி அவன் பக்கத்தில் வந்தாள். "என்னங்க, அந்தச் சின்னது எனக்குப் புடிச்சிருக்கு," என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. மூன்றாம் ஆள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவளுக்கில்லை.

"தங்கச்சி, ரெக்கார்டிங்னா கனமான சத்தம் வேணும்மா," என்றார் அழகேசன். "உன் கொரலுக்கு இந்தக் கொசு சத்தமா பொருத்தம்?"

"ஆமா மணி," என்றான் டக்ளஸ். "உன் கொரலுக்காகத்தான் சொல்றேன்."

அவன் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் இதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. மேடைக்காகவும் கண்ணாடிக் கதவின் அதிர்வுக்காகவும் அழகேசனின் ஒரு கேலிக்காகவும் அவன் அதை வாங்கினான். அவள் குரலுக்கானது வெள்ளை நிறத்தில், மேசைமேல், ஐந்தரைக் கட்டையிலேயே கிடந்தது. தவுக்கே அதை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

தோட்டத்து லயங்களில் அப்போது மாலை ஆறிலிருந்து பத்து வரைதான் மின்சாரம். முதல் நாள் ஆறு மணிக்குப் பெட்டியை மாட்டிவிட்டு உட்கார்ந்தவன், எட்டு மணிக்குள் எல்லாத் திருகுகளையும் திருப்பிப் பார்த்துவிட்டான். ஒன்று சத்தத்தைக் கூர்மையாக்கியது, ஒன்று மங்கலாக்கியது, ஒன்று நடுங்க வைத்தது. கட்டையை மாற்றுவது ஒன்றுமில்லை. பின்பக்கம் சுருதி சேர்க்க ஒரு சின்னத் திருகு இருந்தது. அதை எந்தப் பக்கம் முழுக்கத் திருகினாலும் அரைக் கட்டைதான் நகரும். அதாவது ஒன்றரைக்குப் போகலாம், இல்லை ஒன்றுக்குக் கீழே இருக்கும் ஏழுக்கு இறங்கலாம். ஐந்தரை அங்கிருந்து எட்டாத தூரத்தில் இருந்தது.

டக்ளஸ் பெட்டியின் மேல் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஜோனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த நவமணி பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் போராடினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்தரையிலிருந்து தாலாட்டை வாசித்துப் பழகினான். அந்த இடத்தில் பாதிக்குப் பாதி கறுப்புக் கட்டைகள். முப்பத்து மூன்று வயது விரல்கள் வழி தெரியாமல் முட்டிக்கொண்டன. மூன்று ஸ்வரம் சரியாக வந்தால் நாலாவதில் விரல் தன் பழைய வீட்டுக்கு ஓடிவிடும். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி, "என்னா டக்ளஸண்ணே, புதுப் பெட்டி சண்ட போடுதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். அன்றிலிருந்து சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பழகினான். சத்தம் குறைந்ததே தவிர விரல் திருந்தவில்லை.

பினாங்குக்குத் திரும்பப் போய்ச் சின்னதை வாங்கி வந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மோட்டர் விற்ற காசு பெரிய பெட்டிக்குள் போய்விட்டது என்பது ஒரு பதில். உண்மையான பதில் வேறு. போனால், ஏன் என்று அழகேசன் கேட்பார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்திய நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூலிமில் சுப்பிரமணியத்தின் போட்டோ ஸ்டுடியோ. முன் அறையில் கல்யாணப் படம் பிடிப்பார், பின் அறையில் பாட்டுப் பிடிப்பார். பின் அறைச் சுவர் முழுக்க எதிரொலியை அடக்க முட்டை அட்டைகள். காற்றாடி ஓடினால் மைக்கில் இரையும் என்று அதை நிறுத்திவிட்டார். அழகேசன் பெட்டியைத் தூக்கிவர இரண்டு ஆள்களோடு வந்திருந்தார். ஒன்றும் தெரியாத மனிதர், பெருமையோடு முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"எத்தன கட்டைம்மா?" என்று கேட்டார் சுப்பிரமணியம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே.

டக்ளஸின் கை பழக்கத்தில் பெட்டியின் பக்கவாட்டுக்குப் போனது. அங்கே தேக்குப் பலகைதான் இருந்தது.

நவமணி அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஒன்னரை வச்சுக்குங்கண்ணே," என்றாள். "கழுத்து வலி. மேல போக முடியல. இன்னிக்கி எனக்குக் கீழதான் வசதி."

"ஒன்னரையா? அது ஆம்பள சுருதியாச்சேம்மா," என்றார் சுப்பிரமணியம். "இசை வேணாம்னா சும்மா பாடுறியா? எனக்கொன்னும் இல்ல. ஒன் இஷ்டத்துக்கு எடுத்துப் பாடு, புடிச்சித் தர்றேன்."

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. டக்ளஸ் பக்கம் திரும்பினாள். "அப்படிச் செய்யலாமாங்க? முதல்ல ஒரு தடவ வெறுமனே பாடுறேன்."

அழகேசன் நாற்காலியிலிருந்து சிரித்தார். "எம்மா, இந்த யானைய நாங்க தூக்கிட்டு வந்தது வேடிக்க பாக்கவா?"

டக்ளஸ் அப்போது ஒரே ஒரு தலையசைப்புச் செய்திருந்தால் போதும். ஐந்து நிமிடம். ஒரு கேசட்டில் எத்தனையோ ஐந்து நிமிடங்கள் இருக்கின்றன. அவன் பின்பக்கத் திருகை ஒன்றரைக்குத் திருகிக்கொண்டே, "சும்மா பாடினா அது ரெக்கார்டிங்கா? நான் இருக்கேன்ல, பாடு மணி," என்றான்.

அவள் பாடினாள். காற்றை விரித்துக்கொண்டு மேலே போகிற குரல், போக இடமில்லாமல் தரையில் ஊர்ந்தது. 'பாப்பா இப்பத்தான்' என்ற இடத்தில் மெட்டு இன்னும் கீழே இறங்கும். அங்கே குரல் கரகரத்து, பாதி மூச்சாகிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதையும் கடந்தாள். டக்ளஸின் விரல் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. சக்கரம் அழகாக வழுக்கியது. மாதா பாட்டும் அப்படியே முடிந்தது. அழகேசன் எழுந்து நின்று கை தட்டினார். நவமணி தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் சேர்ந்தாள், புதன்கிழமை அறுவை நடந்தது. கட்டி நல்ல கட்டிதான், கெட்ட நோய் இல்லை. டாக்டர் சொன்னபடியே உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சொன்னபடியே குரல் கீழே இறங்கிவிட்டது. முதல் மாதம் காற்றுதான் வந்தது. மூன்றாம் மாதம் கரகரவென்று ஒரு குரல் வந்து, அதுவே தங்கிவிட்டது. மேலே ஏறச் சொன்னால் உடைந்து நின்றுவிடும். கோயிலில் பாட்டு எழும்போது அவள் வாயை மட்டும் அசைத்தாள். கொஞ்ச நாளில் அதையும் விட்டாள். காலையில் மரம் வெட்டிவிட்டுத் திரும்பும்போது பாட்டு வரவில்லை. பேக்டரியில் மெஷின் இரைச்சல் மட்டும் கேட்டது. டக்ளஸ் அதன் நடுவில் நின்றுகொண்டு பத்தரை மணியை வெறுத்தான்.

துக்கம் விசாரிக்கவும் யாரும் வரவில்லை. பிழைத்து வந்தவளுக்காக யார் துக்கம் கேட்பார்கள்? "ஆள் தேறிடுச்சுலா, அது போதும், கொரலு போனா என்ன," என்றார்கள். அவனும் ஆமாம் என்றான். உள்ளுக்குள் அவன் நாள்தோறும் செத்தான். நோய் எடுத்துக்கொண்டதற்கு அவன் அழவில்லை. நோய் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்த ஆறு வாரத்தை அவனே வீணாக்கினான். அதற்குத்தான் அழுதான், அதையும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு.

பெரிய பெட்டி மேடையில் அமர்க்களமாக நின்றது. நவமணியின் இடத்துக்கு அழகேசன் பெண் குரல் தேடவில்லை. தர்மலிங்கம் என்ற பையன் வந்து சேர்ந்தான், சொல்லிவைத்ததுபோல் ஒன்றரைக் கட்டை. டக்ளஸுக்கு ஒரு தொல்லையும் இல்லை. குருணில் கை தட்டினார்கள், திகாம் பத்துவில் மாலை போட்டார்கள், "சக்கரத்த உருட்டுண்ணே" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார்கள். உருட்டினான். ஒவ்வொரு மேடையிலும் ஒன்றரைக் கட்டையில் முதல் ஸ்வரத்தை அழுத்தும்போது முட்டை அட்டை அறை நினைவுக்கு வந்தது. அந்த இரகசியம் அவனைக் கடைசிவரை காட்டிக்கொடுக்கவே இல்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று அவன் எத்தனையோ தடவை வேண்டிக்கொண்டான்.

கேசட்டை பிஸ்கட் டின்னில் போட்டு, பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் வைத்திருந்தான். நாலு வருடம் அதை எடுக்கவில்லை. நவமணியும் கேட்கவில்லை.

எண்பத்து ஒன்பதில் ஜோன் தமிழ்ப்பள்ளிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஆறு வயதை எட்டப்போகிற வாயாடி. புஷ்பவள்ளி வீட்டில் விளையாடிவிட்டு ஒரு சனிக்கிழமை ஓடிவந்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு முன்ன வேற கொரல் இருந்திச்சாமே? அம்மா பாடுனா ரோட்டுல போற காடி நிக்குமாம். புஷ்பவள்ளி அத்த சொன்னாங்க. கேசட்டு இருக்காமே. போடுங்கப்பா."

டக்ளஸ் நவமணியைப் பார்த்தான். அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பிள்ளை விடுவதாக இல்லை. டின்னைத் திறந்தான். பத்திரங்களை எடுத்துவைத்தான். கேசட்டை ரேடியோவில் போட்டபோது, ஏதோ ஒரு பைத்தியக்கார நம்பிக்கை அவனுக்குள் எழுந்தது. நாலு வருடத்தில் தன் நினைவுதான் தப்பாகிவிட்டதோ, அதில் அவளுடைய குரல் கொஞ்சமாவது இருக்குமோ என்று பார்த்தான்.

பெரிய பெட்டி கனமாக ஒலித்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. தாழ்ந்து, கரகரத்து, தரையில் ஊர்ந்துகொண்டு. 'பால்மரத்துக் காத்தே மெதுவா வா.' ஜோன் வாயைத் திறந்துகொண்டு முதல் வரி முழுக்கக் கேட்டாள், இரண்டாம் வரியையும் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த ஆவல் மெல்ல வடிந்தது.

"இது பழைய கொரல் இல்லப்பா," என்றாள். "இது அம்மாதான். நேத்துப் பாடுனாப்புல இருக்கு. பழையதப் போடுங்க."

இன்னொரு கேசட் இல்லை. உலகத்தில் எங்கேயும் இல்லை.

பயற்றங்காய் ஒடிக்கும் சத்தம் நின்றது. நவமணி அவனை ஒரு தடவை பார்த்தாள். ஸ்டுடியோவில் அவன் கையைப் பார்த்த அதே பார்வை.

"அப்பவும் எனக்கு இதே கொரல்தான்மா," என்றாள் பிள்ளையிடம், அந்தக் கரகரத்த குரலில். "புஷ்பவள்ளி அத்த சும்மா பெருமைக்குச் சொல்றாங்க. நான் எப்பவும் இப்படித்தான் பாடுவேன்."

"அப்படியா," என்றாள் ஜோன். ஏமாற்றம் அவளுக்கு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு விளையாட ஓடிவிட்டாள்.

இல்லையம்மா, உன் அம்மாவின் குரல் இதுவல்ல என்று கூப்பிட்டுச் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. வாசலைத் தாண்டி அவள் கொஞ்ச தூரம்தான் போயிருந்தாள். சொன்னால், அப்படியானால் அம்மா ஏன் கேசட்டில் இப்படிப் பாடினார்கள் என்று திரும்பி வந்து கேட்பாள்.

பாட்டு ஓடி முடிந்தது. டக்ளஸ் கேசட்டை முதலுக்குச் சுற்றி டின்னில் போட்டான். அதன்மேல் பிறப்புப் பத்திரங்களை அடுக்கி மூடினான். நவமணி மிச்சப் பயற்றங்காயை ஒடிக்கத் தொடங்கினாள்.